செல் சேதமும் மீளும் சிதைவு மாற்றங்களும்: எந்த எல்லை வரை செல் திரும்பி வரும்?

நோய்க்குறியியல் பாடத்தைத் தொடங்கியிருக்கும் இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாக எழுப்பியிருக்கிறார். கலங்கல் வீக்கம், நீர்கோத்த மாற்றம், கொழுப்பு மாற்றம், ஹயலின் மாற்றம், மியூகாய்டு மாற்றம் என்று பாடக்குறிப்புகளில் வரிசையாக வரும் ஐந்தும் ஒரே தரத்தவையா, அவை மீளக்கூடியவை என்றால் எந்தக் கட்டம் வரை மீளும், அந்தக் கட்டத்தைச் செல் கடந்துவிட்டதா என்பதை ஸ்லைடைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்பவை அவை. முதல் கேள்விக்கு 'இல்லை' என்பதே விடை. செல் சேதத்தின் மீளும் நிலை என்று ஒளி நுண்ணோக்கியில் அடையாளம் காணத்தக்கவை இரண்டுதான்: ஒன்று செல் வீக்கம், மற்றொன்று கொழுப்பு மாற்றம். மற்ற இரண்டு கேள்விகளுக்கான விடை செல் சவ்விலும், செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலும் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்தப் பட்டியல் ஏன் இவ்வளவு கலவையாக இருக்கிறது என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ருடால்ஃப் விர்ஷோ 1858-இல் பெர்லினில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், நோயின் இருப்பிடம் செல்லே என்ற கருத்தை நிலைநிறுத்தினார். கலங்கல் வீக்கம் என்ற விவரிப்பும் அவருடையதே. அன்றைய நுண்ணோக்கியில் செல்லின் சைட்டோபிளாசம் (உட்கருவைச் சூழ்ந்த பகுதி) தெளிவிழந்து, துகள்துகளாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்த தோற்றத்தை வைத்துப் பெயரிடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியும் உயிர்வேதியியலும் பிறகு விளக்கின, ஆனால் தோற்றத்தால் வைத்த பெயர்கள் அப்படியே தங்கிவிட்டன. பழைய பாடப்புத்தகங்கள் சில, செல்லுக்கு வெளியே படியும் அமிலாய்டு என்னும் புரதத்தைக்கூட இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. பெயர்களை மனப்பாடம் செய்யும் மாணவர் தேர்வில் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் நோயாளியின் முன்னால் அந்தப் பட்டியல் பெரிதாக உதவாது என்பது என் கருத்து.

செல் ஏன் வீங்குகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இயல்பான செல்லுக்குள் பொட்டாசியம் மிகுந்தும் சோடியம் குறைந்தும் இருக்கும், வெளியே நிலைமை தலைகீழ். இந்த வேறுபாடு தானாக நிலைப்பதில்லை. சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒவ்வொன்றைச் செலவிடும்போதும் மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. செல்லுக்குள் அடைபட்டிருக்கும் புரதங்களும் பாஸ்பேட்டுகளும் தண்ணீரை ஓயாமல் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கின்றன. உள்ளே வரும் சோடியத்தை பம்ப் உடனுக்குடன் வெளியே தள்ளுவதால்தான் செல் உப்பாமல் இருக்கிறது. ஆகவே, வீங்காமல் இருப்பது என்பதே செல் இடைவிடாமல் ஆற்றல் செலவழித்துச் செய்யும் வேலை. ஏடிபி தட்டுப்பட்டால் முதலில் தடுமாறும் வேலைகளுள் அதுவும் ஒன்று.

இரத்த ஓட்டம் தடைப்பட்ட திசுவில் நிகழ்வுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகின்றன. ஆக்சிஜன் இல்லாததால் மைட்டோகாண்ட்ரியாவில் ஏடிபி உற்பத்தி நிற்கிறது. பம்ப் தளர்ந்து, சோடியமும் அதன் பின்னால் தண்ணீரும் உள்ளே புகுகின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது. குறையை ஈடுகட்டச் செல் ஆக்சிஜன் இன்றிக் குளுக்கோஸைச் சிதைக்கத் தொடங்குவதால், சேமிப்பிலிருந்த கிளைக்கோஜன் கரைந்து, லாக்டிக் அமிலம் சேர்ந்து, செல்லின் உட்புறம் அமிலத்தன்மை அடைகிறது. உட்கருவில் குரோமாட்டின் என்னும் மரபுப்பொருள் திரளத் தொடங்குகிறது. செல்லுக்குள் சவ்வுப் பின்னலாக அமைந்த எண்டோபிளாச வலை நீர்கோத்து விரிவடைய, அதன்மேல் ஒட்டியிருந்த ரிபோசோம்கள் உதிர்ந்து புரத உற்பத்தி சரிகிறது. செல்லின் மேற்பரப்பில் சிறு கொப்புளங்கள் எழுகின்றன, நுண்விரல்கள் மழுங்குகின்றன, மைட்டோகாண்ட்ரியா சற்றே வீங்குகிறது. இவ்வளவும் நடந்த பிறகும், ஆக்சிஜன் உரிய நேரத்தில் திரும்பினால் பம்ப் மீண்டும் ஓடும், தண்ணீர் வெளியேறும், ரிபோசோம்கள் பழைய இடத்துக்குத் திரும்பும். நச்சுப்பொருள்களில் தொடக்கப் புள்ளி வேறாக இருக்கலாம். மெர்குரிக் குளோரைடு சவ்வுப் புரதங்களின் சல்ஃபர் கொண்ட தொகுதிகளைப் பற்றிக்கொண்டு, அயனிகளின் போக்குவரத்தை நேரடியாகவே கெடுக்கிறது. எங்கிருந்து தொடங்கினாலும் வழி பெரும்பாலும் இந்த வீக்கத்துக்கே வந்து சேர்கிறது.

கலங்கல் வீக்கமும் நீர்கோத்த மாற்றமும் இரு வேறு நோய்மாற்றங்கள் என்று எண்ண வேண்டியதில்லை. அவை ஒரே பாதையின் இரண்டு மைல்கற்கள். தொடக்கத்தில் சைட்டோபிளாசம் துகள்துகளாகத் தெரிகிறது, அந்தத் துகள்களில் பெரும்பகுதி வீங்கிய மைட்டோகாண்ட்ரியாவே. தண்ணீர் மேலும் சேர்ந்ததும் எண்டோபிளாச வலையின் விரிந்த துண்டுகள் வெளிறிய நுண்குமிழ்களாகத் தெரிகின்றன. இதைப் பார்க்கச் சிறுநீரகத்தின் அண்மைச் சுருள் நுண்குழல் நல்ல இடம். அதன் செல்கள் ஏடிபியைத் தாராளமாகச் செலவிடுபவை, ஆகவே விரைவில் தடுமாறுபவை. ஹெமடாக்சிலின்-ஈயோசின் சாயமிட்ட ஸ்லைடில் அந்தச் செல்கள் உப்பி, குழலின் உட்துளையை நோக்கிப் பிதுங்கி, துளையை நட்சத்திர வடிவப் பிளவாகச் சுருக்கியிருக்கும். உட்கரு மட்டும் தன் இடத்தில், வட்டமாக, தெளிவாக இருக்கும். கடுமையான பொட்டாசியக் குறைவிலும், மானிட்டால் போன்ற கரைசல்களைப் பேரளவில் சிரைவழி செலுத்தும்போதும் இதே குழல்களில் பெரிய நுண்குமிழ்கள் தோன்றுவதுண்டு. உறுப்பை வெட்டிப் பார்த்தால் எடை கூடி, உறை இறுகி, வெட்டுமுகம் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கி, வெந்நீரில் முக்கியெடுத்த இறைச்சியைப் போல் வெளிறியிருக்கும். வீங்கிய செல்கள் நுண்குழாய்களை நெருக்கி இரத்தத்தை வெளியேற்றிவிடுவதே அந்த வெளுப்புக்குக் காரணம்.

இந்த வீக்கம் வெறும் ஏட்டு விஷயம் அல்ல என்பதற்கு உறுப்புமாற்று சிகிச்சை நல்ல சான்று. தானமாகப் பெற்ற சிறுநீரகத்தைக் குளிரில் வைத்தால் அதன் ஆற்றல் தேவை வெகுவாகக் குறைகிறது, ஆனால் அதே குளிரில் பம்பும் நின்றுவிடுவதால் செல் வீங்கத் தொடங்கும். 1980-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கெர்ட் பெல்ஸரும் ஜேம்ஸ் சவுத்தர்டும் உருவாக்கிய பாதுகாப்புக் கரைசல் இந்தச் சிக்கலை நேரடியாகக் கையாள்கிறது. சவ்வைக் கடந்து உள்ளே செல்ல முடியாத லாக்டோபயோனேட், ராஃபினோஸ் ஆகியவை அதில் இருப்பதால், தண்ணீர் செல்லுக்குள் புகாமல் வெளியே பிடித்து வைக்கப்படுகிறது. செல்லுக்குள் இருப்பதைப் போன்றே பொட்டாசியம் மிகுதியாகவும் சோடியம் குறைவாகவும் வைக்கப்பட்டிருக்கின்றன. மேலே சொன்ன இயக்கவியல் தவறாக இருந்திருந்தால் அந்தக் கரைசல் வேலை செய்திருக்காது.

இனி எல்லை பற்றி. இதயத் தசையைப் பற்றி நாம் மிக நுணுக்கமாக அறிந்திருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கால அளவுகள் பெரும்பாலும் விலங்குச் சோதனைகளிலிருந்து கிடைத்தவை என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். கரோனரித் தமனி அடைபட்டதும் ஏடிபி உடனே சரியத் தொடங்குகிறது. ஓரிரு நிமிடங்களுக்குள் அந்தப் பகுதி சுருங்குவதையே நிறுத்திவிடுகிறது. சுமார் 10 நிமிடத்தில் ஏடிபி பாதியாகவும், 40 நிமிடத்தில் பத்தில் ஒரு பங்காகவும் இறங்கிவிடுகிறது. மீளாச் சேதம் தொடங்குவதோ 20 முதல் 40 நிமிடங்களுக்குள். அதாவது வேலை நிற்பதற்கும் உயிர் போவதற்கும் இடையே, சவ்வு உடையாமல், செல் காத்திருக்கும் ஓர் இடைவெளி இருக்கிறது. மூளையின் நரம்புச் செல்களுக்கு அந்த இடைவெளி சில நிமிடங்கள்தான், எலும்புத் தசைக்கோ மணிக்கணக்கு.

அந்த இடைவெளியின் முடிவை இரண்டு நிகழ்வுகள் குறிக்கின்றன. ஆக்சிஜன் திரும்பினாலும் மைட்டோகாண்ட்ரியாவால் ஏடிபி உற்பத்தியை மீண்டும் தொடங்க முடியாமல் போவது ஒன்று, செல் சவ்விலும், சிதைக்கும் நொதிகளை அடைத்து வைத்திருக்கும் லைசோசோமின் சவ்விலும் ஆழமான ஓட்டைகள் விழுவது மற்றொன்று. கால்சியம் இரண்டுக்கும் பொதுவான எதிரி. சைட்டோபிளாசத்தில் வழக்கமாக மிக மிகக் குறைந்த அளவில் வைக்கப்படும் கால்சியம் பெருகும்போது, சவ்வின் பாஸ்போலிப்பிடுகளை அரிக்கும் நொதிகளும் புரதங்களை வெட்டும் நொதிகளும் விழித்துக்கொள்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் உருவமற்ற கருந்திட்டுகள் தெரிந்தால் அந்தச் செல் இனித் திரும்பாது என்று கொள்ளலாம். இதயத் தசைச் செல்லுக்குள் இருக்கும் ட்ரோபோனின் போன்ற புரதங்கள் இரத்தத்தில் பேரளவில் கசிவதும் சவ்வு கிழிந்ததன் விளைவே. மாரடைப்பைக் கண்டறிய நாம் பயன்படுத்தும் அந்த இரத்தப் பரிசோதனை, உண்மையில் சவ்வின் கிழிசலை அளக்கும் பரிசோதனை.

ராபர்ட் ஜென்னிங்ஸும் கீத் ரைமரும் சக ஆய்வாளர்களுடன் 1977-இல் வெளியிட்ட ஆய்வு இந்த எல்லையை மிகத் தெளிவாகக் காட்டியது. நாய்களின் இடது கரோனரித் தமனியின் ஒரு கிளையைச் சிலவற்றில் 40 நிமிடம், சிலவற்றில் 3 மணி நேரம், சிலவற்றில் 6 மணி நேரம் கட்டி வைத்துப் பிறகு அவிழ்த்தார்கள். தசை இறப்பு இதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கி, அலைபோல வெளிப்புறம் நோக்கி நகர்ந்தது. 40 நிமிடத்தில் சுவரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருந்த இறப்பு, 6 மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தாண்டியது. ஒரே தமனி, ஒரே அடைப்பு. ஆனால் உள்ளடுக்குச் செல்கள் எல்லையைக் கடந்த வேளையில் வெளியடுக்குச் செல்கள் இன்னும் மீளும் நிலையில் இருந்தன. இத்தாலியில் நடந்து 1986-இல் வெளியான, 11,800-க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகள் பங்கேற்ற, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து பற்றிய ஆய்வில், வலி தொடங்கிய முதல் மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்கள் மிகுந்த பலனடைந்ததும் இதே காரணத்தால்தான்.

அதே 1986-இல் ஜென்னிங்ஸின் குழு இன்னொரு வியப்பைக் கண்டது. தமனியை 5 நிமிடம் மூடி 5 நிமிடம் திறப்பதை நான்கு முறை செய்துவிட்டு, அதன் பின் 40 நிமிடம் மூடினால், இறக்கும் தசையின் அளவு முன்னேற்பாடு இல்லாத நாய்களில் கண்டதில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. மீளும் சேதத்துக்கு உள்ளான செல் வெறுமனே பழுதாகிக் கிடப்பதில்லை, அடுத்த அடியைத் தாங்கத் தன்னை மாற்றிக்கொள்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. உரிய நேரத்தில் இரத்த ஓட்டம் திரும்பிய தசை, செல்கள் உயிரோடு இருந்தும், சில நாட்களுக்குச் சரியாகச் சுருங்காமல் திகைத்து நிற்கலாம். எக்கோவில் அசையாத சுவரைக் கண்டதுமே அது இறந்த தசை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இரத்த ஓட்டம் திரும்புவதுகூட முழு வரம் அல்ல. திடீரென வந்த ஆக்சிஜனிலிருந்து தனிமூலக்கூறுகள் (எதையும் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள்) உருவாவதாலும், கால்சியம் வெள்ளமாகப் புகுவதாலும், விளிம்பில் நின்ற செல்கள் சில அந்த நேரத்தில்தான் இறக்கின்றன.

கொழுப்பு மாற்றத்தின் கதை வேறு. பெரும்பாலான வாசகர்கள் அதை ஸ்கேன் அறிக்கையில் கொழுப்புக் கல்லீரல் என்ற பெயரில் சந்தித்திருப்பார்கள். கல்லீரல் செல்லுக்குள் கொழுப்பு அமிலங்கள் வருகின்றன. அவற்றில் ஒரு பகுதி மைட்டோகாண்ட்ரியாவில் எரிகிறது, மறு பகுதி டிரைகிளிசரைடாகி, அப்போபுரதம் என்னும் புரத உறையோடு சேர்ந்து இரத்தத்துக்கு அனுப்பப்படுகிறது. வரத்து கூடினாலோ, எரிப்பு குறைந்தாலோ, உறைக்கான புரதம் கிடைக்காவிட்டாலோ, ஏற்றுமதி தடைப்பட்டாலோ கொழுப்பு உள்ளேயே தேங்கும். உடல்பருமனிலும் சர்க்கரை நோயிலும் வரத்து மிகுகிறது. மது இந்தக் கண்ணிகள் பலவற்றையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. அது சிதையும்போது உண்டாகும் மிகுதியான என்ஏடிஎச் என்னும் துணைநொதி, கொழுப்பு அமிலங்கள் எரிவதைத் தடுத்து, டிரைகிளிசரைடு உருவாக்கத்தைத் தூண்டுகிறது, ஏற்றுமதியும் தளர்கிறது. சில நாட்கள் அளவுமீறிக் குடித்தாலே இந்த மாற்றம் தொடங்கிவிடும். கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலிலேயே ஒரு தனிமூலக்கூறாக மாறி எண்டோபிளாச வலையின் சவ்வைச் சிதைக்கிறது. அரை மணி நேரத்துக்குள் புரத உற்பத்தி சரிய, அப்போபுரதம் இல்லாமல் கொழுப்பு தேங்குகிறது. எலி பேஸ்ட்டில் கலந்து வந்த மஞ்சள் பாஸ்பரஸ் நச்சிலும் கல்லீரலில் கொழுப்பு மாற்றம் தெரியும், ஆனால் அங்கே செல் இறப்பும் பரவலாகச் சேர்ந்தே நடப்பதால் அதை மீளும் மாற்றம் என்று ஆறுதல் கொள்ள இடமில்லை.

ஒரே தோற்றம் எத்தனை வெவ்வேறு முடிவுகளுக்கு இட்டுச் செல்லும் என்பதற்குக் குவாஷியார்கர் சிறந்த எடுத்துக்காட்டு. இன்றைய கானாவாகிய அன்றைய கோல்டு கோஸ்ட்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1930-களில் விவரித்த இந்தக் குழந்தைநோயில், கல்லீரல் கொழுப்பேறிப் பருத்திருக்கும். உணவில் புரதக் குறைவால் கொழுப்பை ஏற்றியனுப்பும் உறை தட்டுப்படுவது அதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். முறையான உணவு கிடைத்ததும் அந்தக் கொழுப்பு வடிந்துவிடுகிறது. கல்லீரல் சுருக்க நோய்க்கு அது வழிவகுப்பதில்லை. மதுவால் வந்த கொழுப்பும் குடியை அறவே நிறுத்தினால் சில வாரங்களில் மறையக்கூடியதே. நிறுத்தாவிட்டால், அதே செல்கள் பலூன்போல் உப்பி, சுற்றிலும் அழற்சிச் செல்கள் சேர்ந்து, மையச் சிரையைச் சுற்றி நார்த்திசு வலை பின்னத் தொடங்கும். மீளும் மாற்றம் என்றால் அபாயமற்ற மாற்றம் என்று பொருள் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. காரணம் நீங்கினால் மட்டுமே மீளும் என்ற நிபந்தனையை அறிக்கையோடு வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஸ்லைடில் கொழுப்பு கொழுப்பாகத் தெரியாது. ஃபார்மலினில் பதப்பட்ட திசு, ஆல்கஹாலும் சைலீனும் கடந்து பாரஃபின் மெழுகில் ஏறும்போது, கொழுப்பு முழுவதும் கரைந்து போய்விடுகிறது. எஞ்சுவது வட்டமான, விளிம்பு கத்தரித்தாற்போன்ற, காலியான ஓட்டை. ஒரே பெரிய துளி இருந்தால் உட்கருவை ஓரத்துக்கு ஒதுக்கியிருக்கும். சிறு துளிகள் பல இருந்தால் உட்கரு நடுவிலேயே இருக்கும். கர்ப்பகாலத்தின் தீவிரக் கொழுப்புக் கல்லீரலிலும், குழந்தைகளின் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய்ஸ் நோயிலும் காண்பது இரண்டாவது வகை. துளி சிறிதானாலும் நோய் பெரிது. தண்ணீரோ கிளைக்கோஜனோ சேர்ந்த செல்லில் வெளிறிய பகுதியின் விளிம்பு இவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை. ஐயம் தீர வேண்டுமானால் திசுவை உறையவைத்து வெட்டி ஆயில் ரெட் ஓ சாயம் இட வேண்டும், கொழுப்பு செந்நிறமாகத் தெரியும். கிளைக்கோஜனுக்கு பிஏஎஸ் சாயம் உண்டு. இதயத்தில், நீடித்த கடும் இரத்தசோகையின்போது, இதய அறைகளின் உட்புறத்தில் மஞ்சளும் செம்பழுப்பும் மாறிமாறிப் புலிவரியாகத் தெரியும் கொழுப்பு மாற்றம் ஒரு காலத்தில் பிரேதப் பரிசோதனைகளில் பழகிய காட்சி. தொண்டை அடைப்பான் நோயின் நச்சு தாக்கிய இதயத்திலோ வரிகள் இன்றி ஒரே சீராக மஞ்சள் படர்ந்திருக்கும்.

ஹயலின், மியூகாய்டு இரண்டையும் சுருக்கமாகவே முடித்துக்கொள்ளலாம். ஹயலின் என்பது ஈயோசினில் கண்ணாடிபோல் ஒரே சீரான இளஞ்சிவப்பாகத் தெரியும் எதற்கும் இடப்படும் விவரிப்பு, அது ஒரு தனி நோய்மாற்றம் அல்ல. சிறுநீரில் புரதம் மிகுதியாகக் கசியும்போது அண்மைச் சுருள் நுண்குழலின் செல்கள் அதை உறிஞ்சி வைத்திருக்கும் துளிகள் ஹயலின்தான், கசிவு நின்றால் அவை மறைந்துவிடும். நீடித்த உயர் இரத்த அழுத்தத்தில் சிறு தமனிகளின் சுவரில் படியும் ஹயலின் அப்படி எளிதில் மறைவதில்லை. டைஃபாய்டில் வயிற்றுச் சுவர்த் தசையில் ஃபிரீட்ரிஷ் ஜென்கர் விவரித்த ஹயலின் மாற்றம் உண்மையில் தசையிழைகளின் இறப்பு. சளிபோன்ற பொருள் சேரும் மியூகாய்டு மாற்றமோ பெரும்பாலும் செல்லுக்கு வெளியே இணைப்புத் திசுவில் நிகழ்வது. இவற்றைச் செல் வீக்கத்தோடு ஒரே வரிசையில் வைத்து மீளும் சிதைவு என்று படிப்பதில் பலனில்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஒளி நுண்ணோக்கியில் எல்லைக்கோடு தெரியாது. கடந்து வெகு நேரம் ஆன பிறகு அதன் தடயங்களே தெரியும். உட்கரு சுருங்கிக் கறுப்பது, துண்டுதுண்டாக உடைவது, சாயம் மங்கிக் கரைவது ஆகிய மூன்றும், சைட்டோபிளாசம் அடர்ந்து சிவப்பதும் இறந்த செல்லின் அடையாளங்கள். இதயத் தசையில் இவை தெரியத் தொடங்கவே 4 முதல் 12 மணி நேரம் ஆகும். மாரடைப்பு வந்து இரண்டு மணி நேரத்தில் இறந்தவரின் இதயம் வழக்கமான ஸ்லைடில் இயல்பாகவே தோன்றலாம். இறப்புக்கு முன் அடைப்பு இரண்டு மூன்று மணி நேரமாவது நீடித்திருந்தால், இதயத்தை வில்லைகளாக வெட்டி டெட்ராசோலியம் கரைசலில் அமிழ்த்திப் பார்க்கலாம். நொதிகள் எஞ்சியிருக்கும் தசை செங்கல் சிவப்பாகும், நொதிகள் கசிந்து போன இறந்த தசை வெளிறியே நிற்கும்.

உட்கரு நலமாக இருக்க, செல் மட்டும் உப்பியிருந்தால் மீளும் மாற்றம் என்று எழுதலாம், ஆனால் திசு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்த பிறகே எழுத வேண்டும். உயிருள்ளவரிடமிருந்து எடுத்து உடனே ஃபார்மலினில் இட்ட பயாப்சியில் அந்தத் தோற்றத்தை நம்பலாம். பிரேதப் பரிசோதனையில் எடுத்த சிறுநீரகத்தில், இறப்புக்குப் பிந்தைய தன்சிதைவு இதே அண்மைச் சுருள் நுண்குழல்களை முதலில் பிடித்து, ஏறக்குறைய இதே துகள் தோற்றத்தைத் தந்துவிடுகிறது. அங்கே கலங்கல் வீக்கம் என்று எழுதுவதற்கு முன், இறப்புக்கும் திசு ஃபார்மலினில் விழுந்ததற்கும் இடையே எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதைப் படிவத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளி நீண்டிருந்தால், அதை எழுதாமல் விடுவதே சரி.